நீங்கள் நிரப்பிவிட்டுப் போனது

திருவள்ளூர்
11-8-1974

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கை தானாகப் போகிறது. நிறுத்திக்கொண்டேன். ஆவல் இருக்கிறது. அதை யார் முதலில் சொல்வது என்பதிலேயே நான்கு மாதம் போய்விட்டது.

செண்பகத்துக்குச் சென்னையில் கல்லூரி விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. நேற்றுக் கொண்டுபோய் விட்டு வந்தேன். வாசலில் நின்றுகொண்டு, "நீங்க ரெண்டு பேரும் என் வழியாவே பேசிக்கினு இருந்தா நான் எப்பம்மா படிக்கறது? அப்பாவுக்கு நீயே லெட்டர் போடு" என்றாள். அதனால்தான் இது.

உங்கள் துணி மூட்டையைத் திருமலை கொடுத்துவிட்டுப் போனார். செவ்வாப்பேட்டையில் இறங்கித் தன் வீட்டுக்குப் போகவேண்டிய மனிதர், நம் துணிக்காக இரண்டு ஸ்டேஷன் தள்ளி வந்துவிட்டுத் திரும்புகிறார். அவர் கொடுத்த ஷெட்டில்தானே உங்கள் வண்டியும் நீங்களும் இருக்கிறீர்கள். அந்த நன்றிக்கு ஒரு காபி கொடுத்தேன். சட்டைகளைத் தண்ணீரில் போட்டதும் ஆசிட் பட்ட இடமெல்லாம் பொத்தல் பொத்தலாக விட்டுப் போயிற்று. போன மாதத்தைவிட இந்த மாதம் பொத்தல் அதிகம். வேலை மும்முரம் என்று புரிந்துகொண்டேன்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டதற்காக நான் கோபப்படவில்லை. பதினெட்டு வருஷ வேலையை நீங்கள் விட்ட சேதி எதிர்வீட்டு அங்காளம்மாள் வாயால் என் காதுக்கு வந்ததே, அதற்குத்தான். அந்தக் கோபத்தில்தான் திருமலை முன்னாலேயே உங்கள் வண்டியைப் பொம்மை என்றேன். "அந்தப் பொம்மை முதலில் நம்ம வாசலுக்கு வரட்டும்" என்றேன். நீங்களும், "வந்தா அந்த வண்டியிலதான் வருவேன், ஒரே சார்ஜில். அதுவரைக்கும் இந்தப் படி ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை கிளம்பிவிட்டீர்கள்.

இங்கே விளக்கு வைக்கும் நேரத்தில் தினமும் கரண்ட் போய்விடுகிறது.

ரத்னா

கும்மிடிப்பூண்டி
17-8-1974

ரத்னா,

கடிதம் கிடைத்தது. செண்பகத்தின் விடுதி முகவரியை அனுப்பு.

வண்டி ஓடுகிறது. பெட்ரோல் விற்கிற விலையில் இன்னும் இரண்டு வருஷத்தில் எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். சத்தமில்லை, புகையில்லை. கஷ்டமெல்லாம் மின்சாரத்தைச் சேர்த்து வைப்பதில்தான். பெட்ரோல் என்றால் ஒரு டின்னில் ஊற்றிக்கொண்டு போய்விடலாம். இதற்கு லாரி பாட்டரிகளை வண்டியின் அடியில் வரிசையாக அடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் ஓர் அரிசி மூட்டைபோல் கனக்கிறது.

பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சம்மாள் கூடையோடு ஏறிப் பார்த்தாள். உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா நைனா, நான் குந்த எடமில்லாம பாட்டரியே குந்திகினு வருது. இது மீன் வண்டியா, பாட்டரி வண்டியா?" என்று கேட்டாள். கூடையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு பஜார் வரைக்கும் வந்தாள். "சத்தமே இல்லாம பேய் மாரி வர்றியே, எதிர்ல வர்றவன் பயந்து சாவப் போறான்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

இங்கிருந்து நம் வீடு முப்பத்து மூன்று மைல். ஒரு சார்ஜில் இருபத்தெட்டு வரை வந்துவிட்டேன். மிச்சம் ஐந்து.

கரண்ட் போகிறது என்று எழுதியிருக்கிறாய். முற்றத்து அறையில் பாட்டரி விளக்குப் பெட்டி வைத்துவிட்டு வந்தேனே, அதைப் போட்டுக்கொள்கிறாயா?

ஆதி

திருவள்ளூர்
25-8-1974

உங்களுக்கு,

மீன்காரம்மாளுக்கு மட்டும் வண்டியைத் திறந்து காட்டியிருக்கிறீர்கள். எனக்குக் காட்டியிருந்தால் பொம்மை என்று சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ. சொன்னது தப்புத்தான். அதிலும் இன்னொருத்தர் முன்னால். அங்காளம்மாள் விஷயத்தில் நீங்களும் இப்படி ஒரு வரி எழுதினால் நன்றாக இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் காலாண்டுத் தேர்வு வருகிறது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அங்காளம்மாள் திரும்பி, "ஊட்டுக்காரரு கரண்ட்டைப் பொட்டியில அடைக்கிறாராமே. டீச்சரம்மா எதுக்கு எண்ணெய்க்கு வந்து நிக்கறே?" என்றாள். வரிசையே சிரித்தது. "அடைச்சு முடியட்டும், உனக்குத்தான் முதல் பொட்டி" என்றேன். என் வாயால் உங்களுக்காகப் பேசி எத்தனை நாளாயிற்று என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது.

மண்ணெண்ணெய் கிடைத்தது. அரிக்கேன் விளக்கிலேயே சமாளித்துக்கொள்கிறேன். உங்கள் பெட்டி பத்திரமாக இருக்கிறது. பழைய வேட்டியால் மூடி வைத்திருக்கிறேன். தூசி படவில்லை.

இருபத்தெட்டுக்கு அப்புறம் எவ்வளவு வந்தது? எழுதுங்கள்.

ரத்னா

கும்மிடிப்பூண்டி
3-9-1974

ரத்னா,

இருபத்தாறு. அதற்கடுத்த முறை இருபத்து மூன்று. ஏன் குறைகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாலை மோசம் என்கிறார் திருமலை.

விளக்குப் பெட்டி பற்றி எழுதியிருந்தாய். கையால் முடுக்கிய ஒவ்வொரு திருகும் உனக்காகத்தான். நீ இருட்டில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு விடைத்தாள் திருத்தக் கூடாது என்று கிளம்புவதற்கு முந்தின வாரம் உட்கார்ந்து செய்தேன். அதைத் துணி போட்டு மூடிவிட்டு அரிக்கேன் விளக்கில் படிக்கிறாய். கோபமிருந்தால் என் மேல் காட்டு. பாட்டரி என்ன செய்தது?

நான் தந்தது எதுவும் வேண்டாம் என்றால் திருமலையிடம் கொடுத்தனுப்பிவிடு. இங்கே வண்டிக்கு ஆகும்.

அங்காளம்மாள் விஷயம்: நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் தம்பி எங்கள் கம்பெனியில்தான் இருக்கிறான். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டான். இதுதான் நடந்தது.

ஆதி

திருவள்ளூர்
9-9-1974

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு வாரம் வார்த்தை தேடியதை அப்போதே சொல்லியிருக்கலாம். போகட்டும். நானும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

நீங்கள் கிளம்பிய அன்று காலை அந்தப் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். நாம் பேசிக்கொள்ளவில்லை. நான் சமையலறையில் இருந்தேன். சார்ஜ் முடிந்ததும் கம்பியைக் கழற்றி, தகரப் பெட்டியின் மூடியைத் துடைத்து, "நிரப்பியாச்சு" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனீர்கள். நம் வீட்டில் நீங்கள் கடைசியாகச் சொன்ன வார்த்தை அது.

அதை எப்படித் தீர்ப்பேன்? ஒரு மாலை போட்டால் கொஞ்சம் குறையும். இன்னொரு மாலை போட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். பிறகு ஒருநாள் நீங்கள் நிரப்பியது ஒன்றுமில்லாமல் போய்விடும். அதனால்தான் மூடி வைத்தேன். உள்ளே அப்படியே இருக்கிறது என்று நினைப்பதே எனக்குப் போதுமாக இருந்தது. கோபத்தில் மூடியது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, இந்த மனிதருக்கு என்னைத் தெரியவே தெரியாதா என்று அழுகை வந்தது. பிறகு, நான் சொல்லாமல் எப்படித் தெரியும் என்றும் தோன்றியது.

நேற்று வேட்டியை எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். உங்கள் கடிதத்தை அந்த வெளிச்சத்தில் இன்னொரு முறை படிக்கலாம் என்று. பல்பின் இழை அடுப்புத் தணல்போலச் சிவந்தது. அவ்வளவுதான். அணைந்துவிட்டது.

ஒருநாள்கூடப் பயன்படுத்தவில்லை. எங்கே போயிற்று?

ரத்னா

கும்மிடிப்பூண்டி
14-9-1974

அன்புள்ள ரத்னா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாளாக வேலை செய்தேன். அதன் ஓரத்திலும் ஒரு பொத்தல் விழுந்துவிட்டது.

தப்பு என்னுடையது. எல்லாம் செய்துவிட்டு, எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று உன்னிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். பாட்டரி பானைத் தண்ணீர் மாதிரி இல்லை. மூடி வைத்தால் அப்படியே இருக்காது. சும்மா இருந்தாலே தானாக வடியும். வடிந்தபடியே கிடந்தால் தகடுகளில் வெள்ளையாகப் படிந்து கெட்டிப்படும். அதற்குப் பிறகு சார்ஜ் ஏறாது. எடுப்பதும் நிரப்புவதுமாக இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். ஆனால் அடிவரைக்கும் உறிஞ்சிவிடவும் கூடாது. அதுவும் அதைக் கொன்றுவிடும். வெளிச்சம் மங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும்.

உன்னுடையது இன்னும் சாகவில்லை என்றே நினைக்கிறேன். இப்படிச் செய்து பார். மேலே உள்ள திருகுமூடிகளைத் திற. தகடுகள் வெளியே தெரிந்தால் தண்ணீர் வற்றியிருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றிவிடாதே, அதில் உப்பு. டிஸ்டில்ட் வாட்டர் வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால் மழைத் தண்ணீர் போதும். கூரையில் பட்டு வழிவது வேண்டாம், மொட்டை மாடியில் கண்ணாடிப் பாத்திரம் வைத்து நேராக வானத்திலிருந்து பிடி. தகடு மூழ்கும்வரை ஊற்று. ஆசிட் சேர்க்காதே. சார்ஜர் குமிழை முதல் கோட்டில் வைத்து மெதுவாக ஏற்று. கரண்ட் இருக்கும்போதெல்லாம் ஏற்று. அவசரப்பட்டுக் குமிழைத் திருப்பாதே, சூடாகிவிடும். சார்ஜ் ஏறும்போது ஜன்னலைத் திறந்து வை. அதிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும். அரிக்கேன் விளக்கோடு பக்கத்தில் போகவே கூடாது. இதை இரண்டு முறை படி.

நான் நிரப்பியதை நீ தீர்க்காமல் வைத்திருந்தாய் என்று திருமலையிடம் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

ஆதி

திருவள்ளூர்
20-10-1974

அன்புள்ள உங்களுக்கு,

மழை புரட்டாசி பாதியில்தான் வந்தது. அதுவரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊறுகாய் ஜாடி, பழரசக் குவளை என்று வீட்டிலிருந்த கண்ணாடி எல்லாம் மாடியில். அங்காளம்மாள் தன் மாடியிலிருந்து, "இன்னா டீச்சரம்மா, மழைக்கு நாஷ்டா வெக்கிறியா?" என்றாள். பாட்டரிக்குத் தண்ணீர் என்றேன். அவள் நம்பவில்லை.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. கரண்ட் வருகிறது, நான் கம்பியை மாட்டுகிறேன், கரண்ட் போகிறது, கழற்றுகிறேன். பேஜாராகிவிட்டது. குமிழைத் திருப்பிவிடலாமா என்று கை போனது, திருப்பவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து காதை வைத்துக் கேட்டேன். உள்ளே மெல்லிய கொதிப்புச் சத்தம். வெள்ளிக்கிழமை விளக்கைப் போட்டேன். ஒரு வகுப்பின் விடைத்தாளைத் திருத்தி முடிக்கும்வரை எரிந்தது. முழுப் பலம் இல்லை. ஆனால் எரிந்தது.

இப்போது உங்கள் வண்டிக்கு வருகிறேன். இருபத்தெட்டு, இருபத்தாறு, இருபத்து மூன்று. இந்த மாதம் பத்தொன்பது என்று திருமலை சொன்னார், நீங்கள் எழுதவில்லை. சாலை அதே சாலைதானே. ஒவ்வொரு முறையும் வண்டி நிற்கும்வரை ஓட்டிப் பார்க்கிறீர்கள். அடிவரை உறிஞ்சினால் செத்துவிடும் என்று எனக்கு எழுதியவர் நீங்கள். தெரியாமல் செய்யவில்லை. ஒரே சார்ஜில் வாசலுக்கு வருகிறேன் என்று என்னிடம் சொன்ன வார்த்தைக்காக ஒவ்வொரு பாட்டரியாகக் கொன்றுகொண்டிருக்கிறீர்கள். அந்த வார்த்தையைச் சொல்ல வைத்தவள் நான்.

ஒரு யோசனை. பெரியபாளையத்துக்குப் பக்கத்து ஆரணியில் சம்பூர்ணம் இருக்கிறாள். கல்லூரியில் என் அறைத்தோழி. கணவர் போன பிறகு அரிசி மில்லை அவளே நடத்துகிறாள். மில்லுக்குத் தனி லைன் இருக்கிறது. உங்களுக்கு அது பதின்மூன்று மைல். அங்கே நிறுத்தி ஏற்றிக்கொள்ளலாம். கேட்டேன். "ஏண்டி, ஒன் ஊட்டுக்காரருக்குக் கரண்ட் குடுக்கணும்னு லெட்டர் போட்டியே, சோறு போட வேணாமா? அனுப்பு, நெல்லு காயற எடத்துல வண்டியை நிறுத்திக்கட்டும்" என்றாள்.

தீபாவளிக்குச் செண்பகம் வருகிறாள்.

ரத்னா

கும்மிடிப்பூண்டி
26-10-1974
(தபால் அட்டை)

ரத்னா,

ஆரணி வேண்டாம். நடுவில் நிறுத்தி ஏற்றிக்கொள்வதற்குப் பெயர் வருவதல்ல. புது செட் பாட்டரி கேட்டிருக்கிறேன். கிடைத்தால் தீபாவளிக்கு வாசலில் இருப்பேன். கிடைக்காவிட்டால் செண்பகத்துக்கு நீயே புடவை எடுத்துக்கொடு. விளக்கு எரிந்தது பற்றி மிகவும் சந்தோஷம்.

ஆதி

திருவள்ளூர்
1-11-1974

அன்புள்ள உங்களுக்கு,

இதையெல்லாம் அட்டையில் எழுதுவார்களா? தபால்காரர் கொடுக்கும்போதே, "புது செட் கெடைச்சிடும்மா, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் புது செட் வேண்டாம். அதையும் இரண்டு மாதத்தில் கொன்றுவிடுவீர்கள்.

வகுப்பில் பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, பாட்டரியைப் பற்றி இத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் தகடு வரைவேன், அம்புக்குறி போடுவேன். இந்த மாதம்தான் ஒன்று உறைத்தது. அதில் நிறையச் சேர்த்து வைக்க முடியாது. இவ்வளவு கனத்துக்கு இவ்வளவுதான். அதைக் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டால், வழியில் நிற்க வேண்டிய இடத்தை யோசித்தால் போதும். இதை நமக்குப் பொருத்திப் பார்க்கிறேனா என்று கேட்காதீர்கள். உபதேசம் எனக்கும் பிடிக்காது.

சபதத்தை நீங்கள் உடைக்க வேண்டாம். வாசலுக்கு வர வேண்டாம். ஒன்பதாம் தேதி சனிக்கிழமை காலை பஸ்ஸில் நான் ஆரணிக்குப் போகிறேன். மில்லில் இருப்பேன். பாதி வழியை நான் வந்துவிட்டால், மிச்சம் உங்கள் வண்டிக்கு எட்டுகிற தூரம்தான்.

நீங்கள் வராவிட்டால் சம்பூர்ணத்தோடு சாப்பிட்டுவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அப்புறம் இதைப் பற்றி எழுதமாட்டேன்.

ரத்னா

கும்மிடிப்பூண்டி
18-11-1974

அன்புள்ள ரத்னா,

தீபாவளி முடிந்து கிளம்பியவன் நேற்று இரவே ஷெட்டுக்கு வந்து சேர்ந்தேன். உன் தோள்வலி எப்படி இருக்கிறது? திருமலை தைலம் கொடுத்தனுப்புகிறார்.

பதின்மூன்று மைலுக்குக்கூட அந்தப் பாட்டரிகளில் உயிரில்லை என்று எனக்கு அன்று காலையே தெரியும். ஆனாலும் கிளம்பினேன். பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போகிறேன் என்று அஞ்சம்மாள் வேறு ஏறிக்கொண்டாள். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டி நின்றதும், இறங்கித் திரும்பி நடந்துவிடலாமா என்றுதான் நினைத்தேன். அப்போது பாலத்தின் மேல் ஒரு குடை வருவது தெரிந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. இந்த ஊரில் யார் இப்படிச் சும்மா குடை பிடித்துக்கொண்டு நடப்பார்கள் என்று யோசித்தேன். உன் நடை பிறகுதான் தெரிந்தது.

குடையை மடக்கி வண்டிக்குள் போட்டுவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் போய்க் கை வைத்தாய். "இன்னா டீச்சரம்மா, மாட்டு வண்டிய மாடு இஸ்துகினு போவும். இத்தப் பொண்டாட்டி தள்ளணுமா?" என்று அஞ்சம்மாள் கேட்டதற்கு நீ சொன்ன பதிலை இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "பொம்மை வண்டின்னா தள்ளித்தான் விளையாடணும். நீயும் இறங்கித் தள்ளு" என்றாயே.

சார்ஜ் ஏற நாள் பூரா ஆகும் என்பதை இவ்வளவு காலம் இந்த வண்டியின் பெரிய குறையாக நினைத்திருந்தேன். மத்தியானம் மில்லிலும் கரண்ட் போனபோது முதல்தடவையாக மின்சார வாரியத்தின் மேல் கோபம் வரவில்லை. நெல் மூட்டை மேல் உட்கார்ந்து பேசியதில் பாதி பேச்சு இன்னும் மிச்சம் இருக்கிறது.

பெரியபாளையத்தில் திருவள்ளூருக்கு இரண்டு டிக்கெட் வாங்கியபோது என் சபதம் உடைந்தது. கண்டக்டருக்கு அது தெரியாது. சில்லறைதான் கேட்டார். செண்பகம் கதவைத் திறந்து, "எங்கப்பா வண்டி?" என்றதும், "ஆரணியில சாப்பிட்டுக்கினு இருக்கு" என்று நீ சொன்னாய். நான் படியேறியதை நீங்கள் இருவரும் பார்க்காதமாதிரி இருந்தீர்கள். அதற்கு நன்றி.

இனி வண்டி பதின்மூன்று மைல் வண்டிதான். ஆரணியில் ஒரு செட் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கட்டும், காலியானதை அங்கே இறக்கி நிரம்பியதை மாட்டிக்கொள்வது என்று சம்பூர்ணம் அம்மாவிடம் பேசிவிட்டேன். இருக்கும் பாட்டரிகளை மெதுவாக ஏற்றிப் பார்க்கிறேன், நீ உன்னுடையதற்குச் செய்ததுபோல. மழைத் தண்ணீர் பிடிக்கக் கண்ணாடிப் பாத்திரம் இங்கே இல்லை. அந்த ஊறுகாய் ஜாடியைக் கொடுத்தனுப்பு.

ஆதி

திருவள்ளூர்
24-11-1974

அன்புள்ள உங்களுக்கு,

ஜாடியைத் திருமலையிடம் கொடுத்திருக்கிறேன். நன்றாகக் கழுவித்தான் கொடுத்தேன், ஆனாலும் முகர்ந்து பார்த்துவிட்டு ஊற்றுங்கள். தோள்வலி போய்விட்டது. தைலம் அங்காளம்மாளின் முழங்காலுக்குப் பயன்படுகிறது.

விளக்கு வைக்கும் நேரம். கரண்ட் போய்விட்டது. உங்கள் விளக்கில்தான் எழுதுகிறேன். தீபாவளியன்று நீங்கள் ஏற்றியதில் இது நாலாவது மாலை. முதல் மாலை பழைய பயம் இருந்தது. குறைகிறதே, குறைகிறதே என்று பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று பார்க்கவில்லை. தெருவில் நம் ஜன்னல் மட்டும் வெளிச்சமாக இருப்பதால் அங்காளம்மாள் முறத்தோடு வந்து, ஜன்னலுக்கு வெளியே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். "மொத பொட்டி எனக்குன்னு சொன்னியே டீச்சரம்மா, இன்னா ஆச்சு?" என்று கேட்கிறாள். எழுதிக் கேட்கிறேன் என்று சொன்னேன். கேட்டுவிட்டேன்.

நெல் மூட்டை மேல் உட்கார்ந்து நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வருஷம் செண்பகம் விடுதியில்தான் இருப்பாள், கும்மிடிப்பூண்டிப் பக்கம் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கேட்கலாமா என்று கேட்டீர்கள். அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். எனக்கு இந்த வீடு, இந்த மாடி, இந்தப் பெண்கள் எல்லாம்...

பல்பு மங்க ஆரம்பித்துவிட்டது. எழுத்து தெரிகிறது, இன்னும் ஒரு பக்கம்கூட எழுதலாம். ஆனால் அடிவரை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். அங்காளம்மாளைப் போகச் சொல்லிவிட்டு அணைக்கிறேன்.

மிச்சத்தைச் சனிக்கிழமை ஆரணியில் சொல்கிறேன். குடை கொண்டுவருகிறேன்.

ரத்னா